“விளங்கிச்சா?” என்று கேட்டால் போதுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “கல்யாணமாகி ஒன்பது வருடம். நான் ஒன்று சொல்ல, கணவர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறார். அண்மையில் என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இரவு ரயிலில் வந்தார். ‘விடிய அம்மா வாறா, கொஞ்சம் வெள்ளனப் பாருங்கோ’ என்று சொல்லியிருந்தேன். கோட்டை ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வருவார் என்று நினைத்தேன். அவரோ வெள்ளன எழும்பி அம்மாவின் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தார். அம்மா ஸ்டேஷனில் காத்து நின்றார். எதைச் சொல்லும்போதும் அவருடைய இடத்தில் இருந்து யோசித்துத்தான் சொல்கிறேன். அப்படியும் ஏன் பிழைக்கிறது?”

சகோதரி, இதை அலட்சியம் என்று எடுக்க வேண்டாம். விடிய எழும்பி அறை துடைத்தவர் அக்கறை இல்லாதவர் அல்ல. “இது அவருக்குத் தெரியும்தானே” என்று நீங்கள் நம்பிய இடத்தில்தான் பேச்சு பிழைத்தது.

நெருக்கம் இந்தப் பிழையைக் கூட்டும். கென்னத் சவிட்ஸ்கி, போவாஸ் கெய்சார் முதலிய உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பல அர்த்தம் வரக்கூடிய வசனங்களைத் துணைவரிடமும் முன்பின் தெரியாதவரிடமும் சொல்ல வைத்தார்கள். தெரியாதவரை விடத் துணைவர் கூடுதலாகச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கு விளங்கும் என்ற நம்பிக்கை மட்டும் சொன்னவருக்குக் கூடுதலாக இருந்தது. த்ரீவீல்காரரிடம் “காலி வீதியால வேண்டாம், மரைன் டிரைவால போய் இரண்டாவது ஒழுங்கையில திருப்புங்கோ” என்று விவரமாகச் சொல்கிறோம். வீட்டில் “கொஞ்சம் பாருங்கோ” போதும் என்று விட்டுவிடுகிறோம்.

கேட்பவர் பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. கெய்சார் குழு 2000இல் செய்த பரிசோதனையில் இருவருக்கு நடுவே பொருட்கள் வைத்த ஒரு தட்டு அடுக்கு. ஒருவர் சொல்லும் பொருளை மற்றவர் எடுக்க வேண்டும். அடுக்கின் சில தட்டுகளைச் சொல்பவர் பார்க்க முடியாது. அது கேட்பவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் “சின்ன மெழுகுதிரி” என்றதும் பலருடைய கண், தமக்கு மட்டும் தெரிந்த ஆகச் சின்ன மெழுகுதிரிக்கே முதலில் போனது. எந்தப் பேச்சையும் நாம் முதலில் நம் பக்கத்திலிருந்தே கேட்கிறோம்; திருத்தம் பிறகுதான் வருகிறது. அந்தத் திருத்தத்துக்குக் கவனம் வேண்டும். வேலை முடிந்து, நெரிசலில் பஸ் பிடித்து வந்து செருப்பைக் கழற்றுகிறவரிடம் அது மிச்சம் இருக்காது. முக்கியமானதை அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.

சரி, “அவருடைய இடத்தில் இருந்து யோசிப்பது”? 2018இல் டால் இயால், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 25 பரிசோதனைகளில் இதைச் சோதித்தார்கள். அப்படிக் கற்பனை செய்தவர்களின் ஊகம் கூடுதலாகச் சரியாகவில்லை. மற்றவரிடமே கேட்டு அறிந்தவர்களின் ஊகம்தான் திருந்தியது. பரிவு வளர அந்தக் கற்பனை உதவலாம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “விளங்கிச்சா?” என்றால் “ஓம்” என்றுதான் பதில் வரும், அவருக்குத் தன் அர்த்தம் விளங்கிவிட்டதே! “அப்ப விடிய நாங்கள் என்னென்ன செய்யப்போறம்?” என்று கேளுங்கள். “அறையை ஒதுக்கிறன்” என்று அவர் சொல்லியிருந்தால் ஸ்டேஷன் பேச்சு அங்கேயே வந்திருக்கும். குரலில் பரீட்சை வைக்கிற தொனி வேண்டாம். அவர் ஏதாவது சொல்லும்போது நீங்களும் “நான் இப்படித்தான் எடுத்தன், சரியோ?” என்று திருப்பிச் சொல்லுங்கள். இது ஒருவர் மட்டும் செய்தால் சோதனை மாதிரித்தான் படும். வட்ஸ்அப்பில் தொனி போகாது. ஆள், இடம், நேரம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இப்படிப் பதமாகக் கேட்டும் ஒவ்வொரு தடவையும் கோபமோ ஏளனமோ மட்டும் வந்தால், அது விளக்கக் குறைவு அல்ல. அப்போது இருவருமாக ஒரு குடும்ப ஆலோசகரைப் பாருங்கள். கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.