பழைய காரை ஹைவே மைலேஜுக்காக மாடிஃபை பண்றது வொர்த்தா?

கேள்வி கேட்டவரு 2007 மாடல் வேகன்ஆர் பெட்ரோல் வச்சிருக்காரு, வாராவாரம் சேலம் டு பெங்களூரு போய்ட்டு வர்றாரு, லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தாண்ட மாட்டேங்குது, கோன் ஃபில்டர் (கம்பெனி ஏர் ஃபில்டருக்குப் பதிலா மாட்டற கூம்பு வடிவ ஃபில்டர்), பெட்ரோல் பைப்புல மாட்டற மேக்னெட், அகல டயர் இதுல எது போட்டா மைலேஜ் ஏறும்னு கேக்கறாரு.

மூணுமே வேணாங்க. மேக்னெட் மாதிரி ஐட்டங்களை அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நூத்துக்கும் மேல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க, சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமே தேறல. கோன் ஃபில்டர் பானெட்டுக்குள்ள இருக்கற சூடான காத்தை இழுக்கும், நம்ம ஊர் தூசியையும் சேத்து இழுக்கும். அகல டயர் போட்டா வெயிட்டும் கூடும் ரோட்டு இழுவையும் கூடும், இருக்கற மைலேஜும் போயிடும். அது போக கம்பெனி கொடுத்த ஸ்பெக்ல இருந்து வண்டியை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுல வருது, நாளைக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம்னு போய் நிக்கறப்ப அதுவே தலைவலி ஆயிடும்.

பழைய வண்டிக்குப் புதுசா எதையும் சேக்க வேண்டியதில்லைங்கறது தான் என் அபிப்பிராயம். அது வாங்கினப்ப கொடுத்த மைலேஜ் எங்கயோ ஒழுகுது, அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சா போதும்.

முதல்ல இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட் வால்வு இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நிஜமாவே நெறைய பழைய வண்டில அது இருக்காது. நம்ம பக்கம் வெயில் ஜாஸ்தி, வண்டி ஹீட் ஆகுதுன்னு ஒருக்கா போய் நின்னா "வால்வைக் கழட்டி விட்டுரலாம் சார், இந்த ஊருக்கு அது தேவையே இல்ல"ன்னு கழட்டி எறிஞ்சிடுவாங்க. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மாருதி எஸ்டீம் கார்ல அப்படித்தான் முன்னாடி யாரோ கழட்டி விட்டிருக்காங்க. டெம்பரேச்சர் முள்ளு ஊருக்குள்ள ஒழுங்கா நிக்கும், ஓமலூர் தாண்டி ஹைவேல ஒரே சீரா போக ஆரம்பிச்சதும் கீழ இறங்கிடும், ராத்திரில போனா இன்னும் கீழ. அந்த வால்வு கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற திரவம்) 80 டிகிரி தாண்டினதுக்கு அப்புறம் தான் ரேடியேட்டருக்கு வழி விடணும், அது இல்லைன்னா எதிர்காத்துல இன்ஜின் சூடே ஏறாது, இன்ஜின் இன்னும் வார்ம் அப் ஆகலன்னு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) நெனச்சுக்கிட்டு பெட்ரோலை ஜாஸ்தியா அடிச்சுக்கிட்டே இருக்கும். சில நூறு ரூபா பார்ட் தான், புதுசு போட்டு கூலன்ட்டும் மாத்தினேன், 13 கிட்ட கொடுத்துட்டு இருந்த வண்டி ஹைவேல 16ஐத் தொட ஆரம்பிச்சுது. வால்வைக் கழட்டியும் ஹீட் ஆகற வண்டின்னா கோளாறு ரேடியேட்டர் அடைப்புலயோ ஃபேன்லயோ இருக்கு, அதைச் சரி பண்ணிட்டு வால்வைத் திருப்பி மாட்டச் சொல்லுங்க, மெக்கானிக் வேணாம்னு சொன்னாலும் விடாதீங்க.

அடுத்தது ஆக்ஸிஜன் சென்சார். புகையில எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்குன்னு பாத்து ஈசியூக்கு சொல்றது இது தான், வயசாச்சுன்னா பதில் சொல்றதே மந்தமாயிடும், செக் இன்ஜின் லைட்டும் எரியாது. ஸ்கேனர் போட்டுப் பாத்தா வோல்டேஜ் மேலயும் கீழயும் வேகமா ஆடணும், ஆடாம ஒரே இடத்துல நின்னா மாத்திடுங்க. பிளக்கு, ஏர் ஃபில்டர் எல்லாம் கம்பெனி சொன்னதையே போட்டா போதும். ஆயில் மட்டும் பாத்துக்கோங்க, பழைய வண்டின்னா கெட்டி ஆயில் ஊத்தணும்னு ஒரு பழக்கம் இருக்கு, ஆயில் குடிக்காத இன்ஜினுக்கு அது அவசியமே இல்ல, மேனுவல்ல போட்டிருக்கற கிரேடு தான் சரி.

பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கறது யாரும் கவனிக்காத இன்னொரு ஓட்டை. ஹைவேல ரொம்ப நேரம் ஓடிட்டு பிரேக் அதிகம் அடிக்காம மெதுவா நிறுத்திட்டு, நாலு வீல் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, டிஸ்க்கைத் தொடாதீங்க சுட்டுடும், ஒரு வீல்ல மட்டும் அனல் அடிச்சா அங்க பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், டிஸ்க் பிரேக் இருக்கற வீல்னா காலிப்பர் (டிஸ்க்கை அமுக்கற பாகம்) பின்னு துருப்பிடிச்சு இறுகியிருக்கலாம். ஜாக்கி போட்டுத் தூக்கி கையால சுத்தினாலும் தெரியும். அலைன்மென்ட் பண்றப்ப டோ அளவை (வீலுங்க உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கற அளவு) நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. காத்து காலைல வண்டி எடுக்கறப்பவே அடிச்சிடணும், ஓடி வந்து டயர் சூடா இருக்கறப்ப கேஜ் கூடுதலா காட்டும், அதைப் பாத்து இறக்கிட்டீங்கன்னா மறுநாள் கம்மியாத்தான் ஓடும்.

இவ்வளவும் சரியா இருந்தா மிச்சம் காத்தோட சண்டை தான். வேகன்ஆர் உயரமான டப்பா வண்டி, மேல கேரியர் இருந்தா அதைக் கழட்டறது தான் உங்க வண்டிக்கு நான் சொல்ற ஒரே மாடிஃபிகேஷன். காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல போறதுக்கும் 100ல போறதுக்கும் தடை 56 சதவீதம் கூடுது. பெங்களூருக்கு 200 கிலோமீட்டர்னு வச்சா 100லயே போனா ரெண்டு மணி நேரம், 80ல போனா ரெண்டரை, அந்த அரை மணி நேரம் உங்களுக்குக் கட்டுபடியாகுமான்னு நீங்க தான் முடிவு பண்ணணும். எனக்கு ஆகும். குளிர் நாட்டுல வண்டி முகப்புல காத்து போற கிரில்லை அடைச்சு மைலேஜ் எடுக்கறாங்க, கோடைல 40 டிகிரியைத் தொடற சேலத்துல ஏசி போட்டுக்கிட்டு தருமபுரி போற வழில தொப்பூர் மலைப்பாதை ஏறற வண்டிக்கு அந்த வேலை வேணவே வேணாம்.

தொப்பூர்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும், இந்தப் பதிலே அதுக்காகத்தான் எழுத உக்காந்தேன். தருமபுரில இருந்து சேலம் இறங்கறப்ப நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு இன்னும் பல பேரு நம்பறாங்க. உங்க வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது ஈசியூ சொல்றபடி இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கற வகை, கியர்ல இருந்தபடியே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும், வீலே இன்ஜினைச் சுத்த வைக்கும். நியூட்ரல்ல போட்டா ஐடிலிங்ல நிக்க இன்ஜின் பெட்ரோல் குடிச்சே ஆகணும். அதாவது நியூட்ரல்ல தான் செலவு, அது மட்டும் இல்லாம இன்ஜின் பிடிமானம் போய் முழு பாரமும் பிரேக் மேல விழும், சூடாகி பிடிக்காமப் போகும். அந்த இறக்கத்துல டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரல்ல வந்த லாரிங்களால எத்தனை உசுரு போயிருக்குன்னு இந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு மூணாவது இல்ல நாலாவது கியர்ல இறங்குங்க. ஏற்காடு இருபது கொண்டை ஊசி வளைவும் அப்படித்தான், அங்க ரெண்டாவது கியர்.

மைலேஜ் கணக்கு எடுக்கறப்ப ஒரு சங்கதி. சேலம் கடல் மட்டத்துல இருந்து சுமார் 280 மீட்டர், பெங்களூரு 920. ஆளோட சேத்து ஒரு டன் வண்டியை 640 மீட்டர் தூக்கறதுக்கு மட்டுமே முக்கால் லிட்டர் கிட்ட ஆகும். அதனால போறப்ப மட்டும் பாத்தா கம்மியாத்தான் வரும், வர்றப்ப மட்டும் பாத்தா வண்டி சூப்பர்னு தோணும். சேலத்துல ஒரே பங்க்ல ஆட்டோ கட் ஆகற வரைக்கும் ஊத்திட்டுக் கிளம்பி, போய் வந்து அதே பங்க்ல திரும்ப ஊத்தி, வழியில ஊத்தினது இருந்தா அதையும் கூட்டி, ஓடின கிலோமீட்டரை அந்த மொத்த லிட்டரால வகுங்க.

இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற. எத்தனாலுக்கு லிட்டருக்கு பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு சக்தி தான், அதனால 2007ல கிடைச்ச அதே நம்பர் வரலன்னு வண்டியைத் திட்டாதீங்க. ஆனா பழைய பெட்ரோல் ஹோஸ் அந்தக் கலவைக்குன்னு செஞ்சது கிடையாது, அடுத்த சர்வீஸ்ல ஹோஸ் எல்லாத்தையும் விரலால அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க, ஊறிப்போயோ வெடிப்பு விட்டோ இருந்தா மைலேஜ் வேலை எல்லாத்துக்கும் முன்னாடி அதை மாத்துங்க, பெட்ரோல் ஒழுகினா தீப்பிடிக்கும்.