பிலிப்பைன்ஸ் கிராமத்துல பார்ட்னர் வீட்டுக்கு முதல் தடவ போறவங்களுக்கு

துபாய்ல வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவரும் கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ் பொண்ணும் விரும்புறாங்க, டிசம்பர்ல பொண்ணு வீட்டுக்கு, இலோய்லோ மாகாணத்துல உள்ளடங்குன ஒரு கிராமத்துக்கு, முதல் தடவ போறாரு. என்ன வாங்கிட்டுப் போறது, காசு விஷயத்துல எப்படி நடந்துக்குறது, மாடு பன்னி ரெண்டும் சாப்பிட மாட்டேனே என்ன பண்றதுன்னு கேக்குறாரு.

தம்பி, வயசென்ன, சம்பளம் என்ன, கல்யாணம் எப்போன்னு வந்த அன்னைக்கே சிரிச்சிட்டே கேப்பாங்க, அதெல்லாம் பேச்சுக்கு. உங்களப் பத்தி முடிவு பண்றது நீங்க அந்த வீட்டுப் பாட்டிகிட்ட எப்படி நடந்துக்குறீங்க, சாப்பாட்டுல எப்படி உக்காருறீங்க, காசை எப்படி எடுக்குறீங்கன்னு பாத்துதான். உள்ள போனதும் முதல்ல பெரியவங்க கையை எடுத்து உங்க நெத்தியில வைங்க, மானோன்னு சொல்வாங்க, பாட்டி தாத்தாவுல ஆரம்பிச்சு அப்பா அம்மா வரைக்கும். பொண்ணு சொல்லட்டும்னு காத்திருக்காதீங்க. படுக்க தனி இடம் போட்டா அப்படியே ஏத்துக்கோங்க, கத்தோலிக்கக் குடும்பம், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ரூம்னு நீங்களா நெனச்சுக்கக்கூடாது. பாத்ரூம்ல பக்கெட்டும் மக்கும்தான், கையால சாப்பிடுறதும் அங்க சகஜம், அதனால இந்த விஷயத்துலலாம் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. அந்த ஊர்ப்பக்கம் இந்தியர்னா பூம்பாய்னுதான் சொல்வாங்க, அவங்க பாத்திருக்குற இந்தியர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்ல வந்து அஞ்சு கொடுத்து ஆறு வாங்குற வட்டிக்காரர், நிறைய பேர் பஞ்சாபிங்க. அடம் பிடிக்கிற குழந்தைய பூம்பாய் பிடிச்சிட்டுப் போயிடுவான்னு பயமுறுத்துற பழக்கமும் உண்டு. அதனால ஒரு குட்டிப்பையன் உங்களப் பாத்து அழுதுட்டு ஓடலாம், நெறத்தப் பத்தியும் நேராவே சொல்வாங்க, அடுத்த நிமிஷமே மூக்கு எவ்ளோ எடுப்பா இருக்குன்னு ஆசையா சொல்வாங்க. முகத்தைத் தொங்கப் போடாதீங்க, விளக்கம் சொல்லவும் வேணாம். ரெண்டு நாள் கிணத்தடியிலயும் அடுப்பங்கரையிலயும் கூடமாட நின்னு வேலை செஞ்சா ஊர்ல உங்களப் பத்திப் பேசுற பேச்சே மாறிடும், இதை நான் பல குடும்பங்கள்ல பாத்திருக்கேன்.

சாப்பாடுதான் உண்மையில பெரிய விஷயம். கிறிஸ்மஸ்னா முழுப்பன்னி சுடுறதுதான் வீட்டுக்குப் பெருமை, அதை இலைல வச்சதுக்கு அப்புறம் வேணாம்னு சொன்னா அம்மாவுக்கு மனசு கஷ்டமாயிடும். அதனால நீங்க கிளம்புறதுக்கு ரொம்ப முன்னாடியே பொண்ணு போன்ல அம்மாகிட்ட சொல்லிடணும், இவரு பன்னி மாடு தொடமாட்டாரு, கோழி மீன் நல்லா சாப்பிடுவாருன்னு. சொல்லிட்டா போதும், நாட்டுக்கோழிய முருங்கைக்கீரை போட்டு சூப்பா வைப்பாங்க, கபாத்துவான்ங்கிற ஊர்ப்பக்கம்னா கோழிய வாழை இலையில கட்டி வேகவைக்குற தினுவோம் கிடைக்கும், அவ்ளோ ருசி. ஆனா கவனமா இருங்க, அங்க பேர் போன கேபிஎல்ங்கிற குழம்புல துவரையும் பலாக்காயும் இருக்கும், பாக்க நம்ம வீட்டுக் குழம்பு மாதிரியே இருக்கும், அதுல பன்னிதான் முக்கியம். பாட்சாய் நூடுல்ஸும் அப்படித்தான். லாஸ்வாங்கிற காய்கறி சூப் உங்களுக்கு சரிவரும், இறால் மட்டும் கிடக்கும். சாயங்காலம் ஆம்பளைங்க ஒரே கிளாஸை சுத்தவிட்டு ரம்மோ தென்னங்கள்ளோ குடிப்பாங்க, குடிக்க மாட்டீங்கன்னா அதையும் முன்னாடியே சொல்லச் சொல்லுங்க, ஆனா எழுந்து போயிடாம தொட்டுக்க வச்சதைச் சாப்பிட்டுட்டு கூட உக்காருங்க, கரோக்கி மைக் கைக்கு வந்தா ஒரு பாட்டாவது பாடுங்க, தமிழ்ப்பாட்டா இருந்தாலும் கைதட்டுவாங்க.

வாங்கிட்டுப் போறதுக்கு சாக்லேட், பேரீச்சம்பழம், சோப்பு, டவல் இந்த மாதிரி சின்னச் சின்னதா நிறைய. சித்தப்பா பசங்க, பக்கத்து வீடுன்னு எல்லாரும் வந்து நிப்பாங்க, ஒருத்தருக்கு போனும் இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்லன்னும் ஆயிடக்கூடாது. பெரிய பெட்டியா கப்பல்ல அனுப்புறதுன்னா அக்டோபர்லயே அனுப்பிடுங்க, கிறிஸ்மஸ் நெருக்கத்துல லேட்டாகும்.

காசு. வீட்ல ஒருத்தர் வெளிநாட்ல இருந்தா தம்பி படிப்பு, அப்பா மருந்து, வீட்டுக்கூரைன்னு எல்லாம் அவங்க தலையிலதான் வந்து விழும், உங்க பொண்ணும் மாசாமாசம் அனுப்பிட்டுதான் இருப்பாங்க, அவங்ககிட்ட வெளிப்படையாவே கேளுங்க. இந்தப் பயணத்துக்கு ரெண்டு பேரும் சேர்ந்து இவ்ளோன்னு ஒரு தொகை முடிவு பண்ணிட்டுப் போங்க. அதை நீங்க கையில வச்சு நீட்டாதீங்க, பொண்ணு மூலமா அம்மா கைக்குப் போகட்டும். அம்மா கூட சந்தைக்குப் போய் அரிசி, மீன், கோழி வாங்குறப்ப பில்லைக் கட்டுறதுதான் யாருக்கும் சங்கடம் இல்லாத வழி. சொந்தக்காரங்க யாராவது தனியா வந்து கடன் கேட்டா நாலு பேர் முன்னாடி இல்லன்னு சொல்லாதீங்க, பொண்ணுகிட்ட பேசிட்டு சொல்றேன்னு சொல்லுங்க, அப்புறம் இல்லன்னு சொல்றது பொண்ணோட பொறுப்பு, எப்படிச் சொன்னா நோகாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கிராமத்துப் பெட்டிக்கடையில கார்டு செல்லாது, டவுன் ஏடிஎம்ல பேசோ எடுத்துட்டுப் போங்க.

விசா பத்தி ரெண்டு வரி. 2025 ஜூன்ல இருந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலான்னா 14 நாள் விசா இல்லாம போகலாம், அதை நீட்டிக்க முடியாது. செல்லுபடியாகுற அமெரிக்கா, ஷெங்கன், சிங்கப்பூர் விசா மாதிரி ஏதாவது இருந்தா 30 நாள், துபாய் ரெசிடென்ஸ் அந்தக் கணக்குல வராது. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தூதரகத்துல இன்னொரு தடவ பாத்துக்கோங்க, அங்க போய் இறங்குறதுக்கு முந்தின 72 மணி நேரத்துக்குள்ள இடிராவல்ங்கிற ஆன்லைன் பதிவும் பண்ணிடுங்க. 14 நாளையும் முழுசா நிரப்பி ரிட்டர்ன் போடாதீங்க. 2019 கிறிஸ்மஸ் சமயத்துலயே ஒரு புயல் இலோய்லோ வடக்குப் பக்கமா அடிச்சுட்டுப் போச்சு, புயல் எச்சரிக்கை ஏத்திட்டா கப்பல் ஓடாது, ஃப்ளைட்டும் கேன்சலாகும், அதுக்குன்னு ரெண்டு மூணு நாள் கையில இருக்கட்டும்.