அம்மாவின் மூன்று மருத்துவர்களை ஒருங்கிணைக்கச் செவிலியர் அமர்த்துவது குறித்து
ஐயா, வணக்கம். நங்கநல்லூரில் தனியாக வசிக்கும் தங்கள் தாயாருக்குச் சர்க்கரை, சிறுநீரகம், மூட்டுவலி என மூன்று மருத்துவர்கள் தனித்தனியே மருந்து எழுதுவதால், சிங்கப்பூரிலிருந்தபடியே தனியார் செவிலியர் ஒருவரை ஒருங்கிணைப்புக்கு அமர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அமர்த்தலாம், ஆனால் குளிப்பாட்டவும் உடனிருக்கவும் வரும் ஹோம் நர்ஸ் வேறு, இவர் வேறு. மூட்டுவலிக்கு எழுதப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி பழுதுபட்ட சிறுநீரகத்தை மேலும் பாதிக்கக்கூடும் என்பதைச் சீட்டுகளை ஒப்பிட்டுக் கண்டறிந்து, இரு மருத்துவர்களிடமும் பேசி, அவர்கள் சொன்ன முடிவைத் தங்களுக்கு எழுத்தில் அனுப்புவதே இவருடைய வேலை. மருந்தைத் தாமாக நிறுத்தவோ மாற்றவோ இவருக்கு அதிகாரமில்லை. மாநில நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணையும், எந்த மருத்துவமனையிடமும் கமிஷன் வாங்குவதில்லை என்ற உறுதியையும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள் (இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்). தாயார் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் இவரிடம் கொடுத்துவையுங்கள். மருத்துவமனையில் பதிவேட்டு நகல் கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.