ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பிர்ச் மரத்தில் சாறு இறக்க முடியுமா?

கேட்டவர் கொடைக்கானலில் சிறிய காட்டேஜ் ஒன்று நடத்துகிறார். கடையில் 'பிர்ச் வாட்டர்', அதாவது பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் சாறு, பாட்டிலில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். ஐரோப்பாவில் மரத்தில் துளை போட்டுச் சாறு பிடிக்கும் வீடியோவையும் பார்த்திருக்கிறார். "எங்கள் இடத்துக்குப் பின்னால் வெள்ளையாகப் பட்டை உரியும் உயரமான மரங்கள் நிற்கின்றன. குளிரும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் துளை போட்டால் சாறு வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

வராது. தயவுசெய்து அந்த மரங்களில் கை வைக்காதீர்கள்.

நான் பிறந்தது கோத்தகிரி பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். படிப்புக்காக மூன்று வருடம் கிழக்கு பின்லாந்தில் யோயென்சூ என்ற ஊரில் இருந்தேன். மூன்று ஏப்ரலிலும் பிர்ச் சாறு இறக்கிக் குடித்தேன். இரண்டு ஊர்க் குளிரும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

முதலில் உங்கள் மரத்தைப் பார்ப்போம். கொடைக்கானலில் வெளுப்பாக, பட்டை நாடா நாடாவாகத் தொங்கியபடி நெடுநெடுவென்று நிற்பது பெரும்பாலும் யூகலிப்டஸ். நீலகிரியில் நாங்கள் கற்பூர மரம் என்போம். 1843-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தது. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அதைக் காயப்படுத்தினால் சிவந்த பிசின்தான் கசியும், அது குடிக்கிற பொருள் அல்ல. டாஸ்மேனியாவில் சைடர் கம் என்றொரு யூகலிப்டஸ் இருக்கிறது. அதன் இனிப்புச் சாற்றை அங்குள்ள பழங்குடி மக்கள் புளிக்கவைத்துக் குடித்திருக்கிறார்கள். நம் மலையில் நிற்பது வேறு இனம். இன்னும் சிலர் ஐரோப்பிய பிர்ச் ஒன்றின் 'சில்வர் பிர்ச்' என்ற பெயரைக் கேட்டதும் டீத்தோட்டத்து சில்வர் ஓக்தானே என்கிறார்கள். சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாக்காரன்தான், பெயரில் உள்ள சில்வரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிர்ச்சின் பட்டை குறுக்குவாட்டில் காகிதச் சுருள் போல உரியும். வெள்ளையின் மேல் கறுப்புக் கீறல்கள் இருக்கும். இலை சிறியது, முக்கோணமாய், ஓரம் ரம்பப் பல்லாய் இருக்கும். குளிர்காலத்தில் ஒரு இலைகூட மிஞ்சாது. இந்தியாவில் அது இமயமலை மரம். பூஜைக்கான எந்திரம் எழுதப் பயன்படும் பூர்ஜ பத்திரம் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இமயத்து பிர்ச்சின் பட்டைதான். கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகிற வழியிலுள்ள போஜ்பாசா என்ற இடத்துக்குப் பெயர் கொடுத்ததும் அந்த மரம். நீலகிரியிலும் பழனி மலையிலும் அது தானாக வளர்வதில்லை.

சரி, நட்டு வளர்த்தால்? இதற்குப் பதில் சொல்ல, சாறு ஏன் வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பிர்ச் கோடை முழுவதும் சமைத்த உணவை மாவுச்சத்தாக வேரிலும் தண்டிலும் சேர்த்து வைக்கிறது. பகல் குறுகக் குறுக இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகிறது. நான் இருந்த ஊரில் டிசம்பரில் பகல் வெளிச்சம் ஐந்து மணி நேரம்தான். பல மாதம் மண் உறைந்து கிடக்கும். ஏப்ரலில் பனி உருகி, வேர் இருக்கும் மண் நனைந்து லேசாகச் சூடேறும்போது, சேர்த்து வைத்த மாவுச்சத்து சர்க்கரையாகக் கரையும். அந்தச் சர்க்கரை மண்ணிலுள்ள தண்ணீரை வேருக்குள் இழுக்கும். மேலே அதை ஆவியாக்க ஒரு இலையும் இல்லை. போக வழியில்லாத தண்ணீர் மரத்துக்குள் அழுத்தமாக நிற்கிறது. அந்த நேரத்தில் துளை போட்டால் சொட்டுகிறது. மொட்டு விரிந்து இலை வந்துவிட்டால் கதை முடிந்தது. இலைகள் தண்ணீரை மேலே உறிஞ்ச ஆரம்பிக்கும், அழுத்தம் போய்விடும், வருகிற கொஞ்சமும் கலங்கிக் கசக்கும். ஆக, வருடத்தில் இரண்டு மூன்று வாரம்தான் இந்த வேலை.

ஊட்டியில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் ஜனவரி அதிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்து, இது ஐரோப்பா மாதிரிதானே என்று தோன்றும். எனக்கும் சின்ன வயதில் தோன்றியது. ஆனால் அந்த உறைபனி புல் நுனியோடு சரி. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ஒரு சாண் தோண்டினால் மண் உறைந்திருக்காது. பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய சமம். நம் சோலை மரங்கள் எல்லாம் ஒன்றாக இலையுதிர்த்துத் தூங்குவதே இல்லை. பகல் குறுகுவதைக் கண்டு உறங்கி, நீண்ட குளிர் கழிந்து விழிக்கப் பழகிய மரத்தை இங்கே கொண்டுவந்து நட்டால், அதற்கு எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்றே தெரியாது. அந்த மூன்று வாரம் இங்கே அதற்கு வரவே வராது. அதோடு, தோல் பதனிடும் பட்டைக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் (வாட்டில்) எங்கள் புல்வெளிகளை என்ன செய்துவிட்டது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்னொரு வெளிநாட்டு மரம் வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

என்றாவது ஏப்ரலில் பின்லாந்துப் பக்கம் போகிறவர்களுக்காக, இறக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் சின்னக் கத்தியோடு போய் ஒரு மெல்லிய கிளையின் நுனியைக் கிள்ளுவார். வெட்டுவாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றால் சாறு இறக்கும் நாள் வந்துவிட்டது, இல்லையென்றால் நாளைக்கு வா என்பார். ஏரி இன்னும் உறைந்திருக்கும், மரத்தடியில் மட்டும் வட்டமாகப் பனி உருகியிருக்கும்.

அடிமரம் குறைந்தது இருபது சென்டிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும். தரையிலிருந்து முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில், கைத்துரப்பணத்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு துளை. ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர் போதும். துளை உள்நோக்கிச் சற்று மேலேறினால்தான் சாறு வெளியே வழியும். சுத்தமான குழாயைச் செருகி, மறுமுனையை மூடிய கேனுக்குள் விடுவோம். நல்ல மரம் ஒரு நாளில் ஐந்து லிட்டரும் அதற்கு மேலும் தரும். முதல் நாள் இரவு கேன் நிரம்பும் சத்தத்தைக் கேட்க நான் குளிரில் எழுந்து போனேன்.

பார்ப்பதற்குத் தண்ணீர்தான். குடித்தாலும் தண்ணீர்தான், ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு இனிப்பு தங்கும். சர்க்கரை சுமார் ஒரு சதவீதம்தான். குளுக்கோஸும் பிரக்டோஸும் சேர்ந்தது. பிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும், அதற்கு மேல் என்றால் உறைய வைக்க வேண்டும். முதல் வருடம் வெயில் ஏறிய இரண்டு நாள் கேனை எடுக்காமல் விட்டுவிட்டேன், பால் போலக் கலங்கிப் புளித்துவிட்டது. லாட்வியாவிலிருந்து வந்த என் அறைத்தோழன் அதை வேண்டுமென்றே செய்வான். பாட்டிலில் நாலைந்து உலர்திராட்சை போட்டு இறுக்கி மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால், சோடா மாதிரி நுரைக்கும் புளிப்பு பானம் கிடைக்கும். அது உண்மையிலேயே நன்றாக இருக்கும். பிர்ச் மகரந்தம் ஒவ்வாதவர்கள் மட்டும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதை அரிக்கிறது. இரண்டாம் வருடம் ஆசை மிகுந்து ஒரே மரத்தில் இரண்டு துளை போட்டேன், அதுவும் கொஞ்சம் தாமதமாக. இலை வந்த பிறகும் ஒரு துளை கசிந்துகொண்டே இருந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் பாசி போல ஒன்று வழவழவென்று படிந்தது. பிர்ச் மரம் காயத்தை நன்றாக மூடத் தெரிந்த மரம் இல்லை, துளை வழியாக உள்ளே சிதைவு ஏறும். வீட்டுக்கார அம்மா திட்டவில்லை. அடுத்த வருடம் அந்த மரத்தைத் தாண்டிப் போகும்போது அதன் மேல் கையை வைத்து, "இவளுக்கு இந்த வருஷம் லீவு" என்ற மாதிரி ஏதோ சொன்னார். பின்லாந்தில் யார் காட்டிலும் நடக்கலாம், காளானும் பெர்ரியும் பறிக்கலாம். ஆனால் சாறு இறக்க நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். மரத்தைக் காயப்படுத்துகிற வேலை என்பதால்தான் அந்த வேறுபாடு. நம் ஊரிலும் மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவே 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

மரத்தின் இனிப்பைக் குடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், நீங்கள் மேலே தேட வேண்டாம், கீழே இறங்குங்கள். பங்குனி, சித்திரையில் வத்தலகுண்டு, திண்டுக்கல் பக்கம் பதநீர் கிடைக்கும். பிர்ச்சில் வருவது வேர் மண்ணிலிருந்து ஏற்றிய தண்ணீர். பனையில் வருவது இலை சமைத்துப் பாளைக்கு அனுப்பிய சாப்பாடு. அதனால்தான் பதநீரில் சர்க்கரை பத்துப் பன்னிரண்டு சதவீதம். பனையேறி பாளையை நாள்தோறும் சீவிவிட்டுக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதும், நாங்கள் கேனை மூடிக் குளிரில் வைத்ததும் ஒரே கவலைக்காகத்தான். புளித்துவிடக் கூடாது.

இதை எனக்குப் புரியவைத்தது பின்லாந்து இல்லை, எங்கள் அப்பாயி. மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பதுளைப் பக்கம் இருந்தபோது கூந்தல் பனையின் பாளையைச் சீவி இறக்கிய சாற்றைக் காய்ச்சிய கித்துள் பாணியைப் பற்றி எப்போதும் பேசுவார். நான் போனில் மரத்தில் துளை போட்ட கதையைச் சொன்னதும் முதலில் கேட்டது, "ஏன் சாமி, அதுக்கு வலிக்காதா? பாளையச் சீவுனா மறுபாளை வரும். அடிமரத்துல ஓட்ட போட்டா?" என்றுதான்.

ஊருக்கு வரும்போது பிர்ச் பாகு ஒரு சிறு பாட்டில் வாங்கி வந்தேன். ஒரு லிட்டர் பாகுக்கு நூறு லிட்டருக்கும் மேல் சாற்றைச் சுண்டக் காய்ச்ச வேண்டும், அதனால் விலை அதிகம். கறுப்பாக, லேசான புளிப்போடு, கருகிய வெல்லத்தின் வாசத்தோடு இருக்கும். அப்பாயி விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "பாணிதான். ஆனா கித்துள் இல்ல" என்றார். பிறகு பாட்டிலை மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.