அமெரிக்காவில் ஈரநில மீட்பு, வனவிலங்குப் பாதுகாப்புத் துறைகளில் உதவித்தொகையுடன் முதுநிலை ஆய்வு செய்ய முடியுமா?

விலங்கியலில் இளநிலை முடித்த நீங்கள், ஈரநில மீட்பில் உதவித்தொகையுடன் மேற்படிப்பு கிடைக்குமா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். அதே துறையில் அங்கே படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு ஆய்வுத் திட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு பேராசிரியர் நிதியைப் பெற்ற பிறகுதான், இன்ன நிலத்தில், இன்ன பறவையைப் பற்றி, இத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிட்டு மாணவரைத் தேடுவார். சேர்பவருக்குக் கல்விக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகும், மாதச் சம்பளமும் உண்டு. வழிகாட்ட ஒருவர் ஒப்புக்கொள்ளாமல் பல துறைகள் சேர்க்கையே தருவதில்லை என்பதால், விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் பேராசிரியருக்கு எழுதிவிட வேண்டும். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் இயற்கைவள வேலைவாய்ப்புப் பலகையில் இத்தகைய விளம்பரங்கள் தொடர்ந்து வருகின்றன.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரி மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு வருகிறது. வேட்டைக்காரர்களின் பணமா என்று நம்மில் பலருக்கு உறுத்தலாம். ஆனால் வேட்டையாடும் வாத்துக்கு நீர்நிலை வேண்டும் என்ற அவர்களின் அக்கறையே அந்நாட்டின் ஈரநில மீட்புக்கு வலுவான ஆதரவாக இருந்துவருகிறது என்பதை நான் மதிக்கிறேன்.

வட அமெரிக்காவில் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளியின் குட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்பாறைகள் விட்டுச்சென்ற அந்தப் பள்ளங்களில் பெரும்பகுதியை உழவுக்காக வடித்துவிட்டார்கள். மீட்பு வேலை பார்வைக்கு எளிது: வடிகால் குழாயை உடைத்து, வாய்க்காலை மண்ணால் அடைத்தால் நீர் தானாகத் திரும்பும். செடிகளும் அப்படியே திரும்புமா என்பதை சூசன் கலடோவிச், ஆர்னால்டு வான் டெர் வால்க் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். இயற்கையான குட்டைகளில் சராசரியாக 46 தாவர இனங்கள் இருந்தன. நீர் திரும்பி மூன்றாண்டுகள் ஆன குட்டைகளில் 27 மட்டுமே. நீருக்குள் வளரும் செடிகள் விரைவில் வந்துவிட, கரையோர ஈரப் புல்வெளிக்குரிய கோரை இனங்கள் பின்தங்கிவிட்டன. நீர் நிறைந்துவிட்டது என்பதாலேயே மீட்பு முடிந்துவிட்டதாக எழுதியிருந்தால் இந்தக் குறை கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே, நீண்டகாலம் நடந்துவரும் கண்காணிப்புத் திட்டத்தில் ஓர் இடம் கிடைத்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். ஈரநிலம் இரண்டு ஆண்டுகளில் பதில் சொல்லாது. நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் நிதியுதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுகள் ஆய்வு செய்தது. இடையில் 1982இல் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. பறவைகளுக்கு நன்மை என்று கருதப்பட்ட அந்தத் தடைக்குப் பின் புல் பெருகி நீர்ப்பரப்பை மூடியது. ஆய்வு தொடர்ந்துகொண்டிருந்ததால்தான் மேய்ச்சல் அந்தப் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்பது தெளிவாகத் தெரிந்தது.

பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எந்தக் கேள்வி உங்களை ஈர்த்தது என்று இரண்டு பத்திகளில் சொன்னால் போதும். களத்தில் செய்த வேலையை, அது உள்ளூர் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பாக இருந்தாலும், தவறாமல் குறிப்பிடுங்கள். புள்ளியியல் தெரிந்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அமெரிக்கா போவதற்கு முன் அனுபவம் தேவையென்றால், டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனமும் கோவை ஆனைக்கட்டியிலுள்ள சாலிம் அலி மையமும் அறிவிக்கும் திட்டப் பணிகளைக் கவனித்துவாருங்கள். இந்தியாவிலேயே முதுநிலை முடித்து, நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். எங்கே சேர்ந்தாலும், அந்தத் திட்டத்தின் நிதி எப்போது முடிகிறது என்பதைச் சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.