துயரமும் இறைவனின் திட்டமும்

கேள்வி: எல்லாம் இறைவனின் திட்டப்படியே நடக்கிறது என்றால், ஒரு பாவமும் அறியாத பச்சிளங்குழந்தை நோயில் துடிப்பதும் அத்திட்டத்தில் சேர்ந்ததுதானா?

பதில்: சமயங்கள் இதற்குத் தந்துள்ள விடைகளுள் முக்கியமானவை இரண்டு. மனிதருக்கு விருப்பச் சுதந்திரம் அளிக்கப்பட்டதால் தீமைக்கும் இடம் உண்டாயிற்று என்பது ஒன்று. உயிர்கள் முன்வினைப் பயனை நுகர்கின்றன என்பது மற்றொன்று.

முதல் விடை போரையும் கொலையையும் ஓரளவு விளக்கும், நிலநடுக்கத்தை விளக்காது. 1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவர் திருநாளில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத் தேவாலயங்களில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் மீதே நிலநடுக்கத்தால் கூரைகள் இடிந்து விழுந்தபோது, இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்சின் வாதம் ஐரோப்பாவில் பலருக்குக் கசந்துபோயிற்று. இரண்டாம் விடை தர்க்கத்தில் ஓட்டையற்றதாகத் தோன்றலாம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்பவர் (அப்படிச் சொல்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்) அவள் துயரத்தின் மேல் பழியையும் ஏற்றிவிடுகிறார்.

ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார், உலகை இவ்வாறு படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்றே புறநானூற்றின் 194ஆம் பாடலில் சாடுகிறார். விவிலியத்தின் யோபு நூலிலும், குற்றமின்றியே பெருந்துன்பத்துக்கு ஆளாகி இறைவனோடு வழக்காடிய யோபு ஏற்கப்படுகிறார். இறைவனுக்காக வாதாடி, துன்பத்தைத் தண்டனை என்று விளக்கிய நண்பர்களே கடிந்துகொள்ளப்படுகிறார்கள். திட்டம் ஒன்று உண்டு என்று நம்புவதில் எனக்கு மறுப்பில்லை. அதை அறிந்தவர்போல, நோயுற்ற குழந்தையின் வலிக்குக் காரணம் கூற முற்படுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.