பின்தேதி வேண்டாம், டாக்டரம்மா

கேள்வி: நான் எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவர். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் அப்பா 35 வருடம் நடத்திய கிளினிக்கை, அவர் காலமான பிறகு 9 மாதமாக நான் பார்த்துவருகிறேன். பழைய நகரத்தார் வீட்டு முகப்பில் வாடகைக்கு நடக்கிறது. டிரிப்ஸ் ஏற்ற 2 கட்டில் உண்டு. இரவில் யாரையும் தங்கவைப்பதில்லை. போன வாரம் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். மருந்து ஆய்வாளரும் கூட வந்தார். கிளினிக்கின் பதிவுச் சான்று அப்பா பெயரில் இருப்பது, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பை 4 நாளாக வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டு முற்றத்தில் கிடந்தது, போட்ட ஊசிகள் சிவப்பு வாளியில் இருந்தது, ஃப்ரிட்ஜில் காலாவதியான 6 ஊசி மருந்து, மாத்திரைகளுக்குக் கொள்முதல் பில் இல்லாதது, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவுக்கான நோட்டு எழுதப்படாதது என்று குறிப்பெழுதி, 15 நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள். அப்பா காலத்துக் கம்பவுண்டர் அண்ணன், ‘ஒரே ராத்திரியில நோட்டை எழுதி முடிச்சிர்றேன்’ என்கிறார். உறவினர் ஒருவர், ‘குடுக்க வேண்டியதைக் குடுத்தா முடிஞ்சிரும்’ என்கிறார். கிளினிக்கை மூடிவிடுவார்களா? நான் ஜெயிலுக்குப் போக வேண்டிவருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டாக்டரம்மா, முதல் வேலையாக அந்த நோட்டை அண்ணனிடமிருந்து வாங்கி உங்கள் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் ஒவ்வொன்றும் சரிசெய்யக் கூடியவை. சரிசெய்ய முடியாதபடி ஆக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது அந்த ஒரு ராத்திரி எழுத்து. எழுதாத நோட்டு கவனக்குறைவுக்குச் சான்று. பின்தேதியிட்டு எழுதிய நோட்டு ஏமாற்றும் எண்ணத்துக்குச் சான்று. முதலாவதற்கு அவகாசம் கிடைக்கும், எச்சரிக்கை வரும், அதிகம் போனால் அபராதம். இரண்டாவது பொய் ஆவணம் புனைந்த குற்றமாகி, உங்கள் மருத்துவப் பதிவையே தொடும். அதிலும் உங்கள் நோட்டு வெறுமையாக இருந்ததை ஆய்வுக் குழு ஏற்கெனவே எழுதிவிட்டது. பெரும்பாலும் செல்போனில் படமும் எடுத்திருப்பார்கள்.

இப்படி ஒரு நோட்டை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வேறொரு கிளினிக், பெயர் வேண்டாம். வருடம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு. காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் தேரன்றைக்கு அந்தக் கிளினிக் பூட்டிக் கிடந்தது தெருவுக்கே தெரியும். நோட்டில் மட்டும் அன்று காலை ஆட்டோகிளேவ் ஓடியிருந்தது. அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் உண்மையாக வைத்திருந்த மற்ற பதிவுகளையும் யாரும் நம்பவில்லை. நல்ல மருத்துவர் அவர். இன்றும் நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆகவே, ஆட்டோகிளேவுக்குப் புது நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதி, ‘இதற்கு முன் பதிவு பராமரிக்கப்படவில்லை, இன்று முதல் பராமரிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு முறையும் 121 டிகிரி வெப்பமும் 15 பவுண்டு அழுத்தமும் எட்டியதா, எத்தனை நிமிடம் நின்றது, யார் போட்டது என்பதை எழுதி, நிறம் மாறிய இண்டிகேட்டர் டேப்பின் துண்டையும் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டிய டேப்பை இட்டுக்கட்டி எழுத முடியாது.

அடுத்து பதிவுச் சான்று. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டமும் அதன்கீழ் 2018இல் வந்த விதிகளும் ஒரே அறையில் நடக்கும் கிளினிக்கையும் கட்டுப்படுத்தும். அப்பாவின் சான்று வீடு, நிலம் போல வாரிசுக்கு இறங்காது. நடத்துபவர் மாறினால் புதியவர் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் செய்யாமல் விட்டது பிழைதான். ஆனால் காரணம் இருக்கிறது. அப்பாவின் இறப்புச் சான்று, அவர் பெயரிலுள்ள பழைய பதிவு, உங்கள் மருத்துவக் கவுன்சில் பதிவு ஆகியவற்றை வைத்து இந்த வாரமே விண்ணப்பித்து, ஒப்புகையைப் பதிலோடு இணையுங்கள். உங்கள் ஊர் சிவகங்கை மாவட்டமா புதுக்கோட்டை மாவட்டமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டத்திலும் கிடக்கின்றன. எந்த மாவட்டமோ அந்த மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடம்தான் போக வேண்டும்.

விண்ணப்பத்தோடு இடத்துக்கான ஆவணம் கேட்பார்கள். இங்கேதான் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று வரும். முகப்பை உங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவர் ஒருவராக இருப்பார். வீட்டில் பங்கு ஏழெட்டுப் பேருக்கு இருக்கும், பாதிப்பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். அப்பாவுக்கு வாய்வார்த்தை போதுமாயிருந்தது. உங்களுக்குப் போதாது. எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டு, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். கிடைக்கிற பங்காளிகளிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வந்தால் முதலில் ஆட்டம் காண்பது உங்கள் கிளினிக்தான்.

மருந்து விஷயம்தான் எல்லாவற்றிலும் கனமானது. லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்றதாக வழக்குப் போட்டால், 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27ஆவது பிரிவில் 3 ஆண்டுக்குக் குறையாத, 5 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை, உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். மருந்து விதிகளின் கே அட்டவணையில் 5ஆவது இனம், பதிவுபெற்ற மருத்துவர் தம் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுக்க லைசென்ஸ் தேவையில்லை என்கிறது. ஆனால் திறந்த கடை வைக்கக் கூடாது, கவுண்டரில் விற்கக் கூடாது. மருந்தை லைசென்ஸ் உள்ளவரிடமே வாங்க வேண்டும். வாங்கிய மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், தயாரித்தவர் பெயர், முகவரி எல்லாவற்றுக்கும் பதிவு வைக்க வேண்டும். தமிழ்நாட்டுத் தோல் மருத்துவர் ஒருவர் சில களிம்புகளும் லோஷன்களும் வைத்திருந்தார் என்று போட்ட வழக்கை, சொந்த நோயாளிகளுக்கான சிறிய அளவு என்பதைப் பார்த்து, உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை. பில் இருந்தால் இன்னும் பலமான துணை.

பில்லுக்கு என்ன செய்வது? உங்களுக்கு மருந்து போட்ட மொத்த வியாபாரியிடம் போங்கள். அவர் கம்ப்யூட்டரில் பழைய பில் எல்லாம் இருக்கும். அதே எண்ணில், அதே தேதியில், ‘நகல்’ என்று போட்டு எடுத்துத் தருவார். இது பின்தேதி ஆகாது. அன்றைக்கு உண்மையிலேயே நடந்த கொள்முதலின் நகல். அவரிடம் இல்லாத பில்லைப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். எதற்குக் கிடைக்கவில்லையோ அதற்குக் கிடைக்கவில்லை என்றே பதிலில் எழுதுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் மதியம் வீட்டுக்குப் போயிருக்கும்போது யாராவது பழைய சீட்டோடு வந்து, ‘அதே மாத்திரை பத்து நாளைக்குக் குடுங்கண்ணே’ என்றால் அண்ணன் எடுத்துக் கொடுக்கிறாரா? ஊசி போட்டு விடுகிறாரா? அப்பா காலத்தில் ஊரே அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு பழக்கம் உங்கள் கே அட்டவணைப் பாதுகாப்பை உடைத்துவிடும். மருத்துவர் பார்க்காமல் கொடுத்தால் அது கடைதான். அதைவிட, ஒவ்வாமை வந்து ஒரு உயிர் போனால் அண்ணனால் தாங்க முடியாது, உங்களாலும் முடியாது. இன்றைக்கே நிறுத்துங்கள்.

காலாவதியான அந்த 6 ஊசி மருந்தைக் கொல்லையில் போட்டு எரித்துவிடாதீர்கள். விற்கவோ அகற்றவோ கூடாது என்று மருந்து ஆய்வாளர் எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தால், அந்த உத்தரவு 20 நாள் வரை நிற்கலாம். அதுவரை தொடவே கூடாது. உத்தரவு இல்லை என்றால் தனிப் பெட்டியில் ‘காலாவதி, பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி வைத்து, கழிவு வண்டியில் மஞ்சள் வகையில் ஏற்றி, ரசீது வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று எழுதுங்கள்.

கழிவுக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி மஞ்சள் பைக்கு. ஊசி நீக்கிய சிரிஞ்சும் டிரிப்ஸ் குழாயும் சிவப்புக்கு. ஊசிமுனையும் பிளேடும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. சிவப்பு வாளியில் ஊசி கிடந்தது சின்ன விஷயமாகத் தோன்றும். கிளினிக்கைக் கூட்டி, அந்த வாளியைத் தூக்கும் அம்மாவின் விரலை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? விதிகளே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. டெட்டனஸ் தடுப்பூசியும் சேர்த்து. ஆய்வுக் குறிப்பில் அது இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். முதல் டோஸை இந்த வாரமே போடுங்கள். அடுத்தவை 1ஆம் மாதமும் 6ஆம் மாதமும். ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, பிதுக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.

மஞ்சள் பை 4 நாள் கிடந்ததில் தவறு முழுக்க உங்களுடையது அல்ல. 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. வண்டி வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் அதே விதிகள், கழிவு எடுக்கும் நிறுவனம் குறித்த நேரத்தில் வராவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்கும் கடமையை உங்கள் மேல் வைத்திருக்கின்றன. நீங்கள் டிரைவருக்கு நாலு தடவை போன் போட்டிருப்பீர்கள். போன் சாட்சி சொல்லாது. இனி வண்டி தவறும் ஒவ்வொரு நாளும் நிறுவனத்துக்கும், மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டாம் கட்டு முற்றத்தில் பை வைப்பதையும் மாற்றுங்கள். மழை பெய்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். பூட்டுப் போட்ட சின்ன அறை ஒன்று ஒதுக்குங்கள். வாரியத்தின் அங்கீகாரம் அப்பா பெயரில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆண்டறிக்கை ஜூன் 30க்குள் போக வேண்டும். பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கழிவு விதிகளை மீறும் குற்றத்துக்கு முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அதற்குப் பதிலாக 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது.

உறவினர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். லஞ்சம் வாங்குவது மட்டுமே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பதும் தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தால், 7 நாளுக்குள் புகார் செய்தவருக்கு மட்டுமே விலக்கு. உங்களிடம் எந்த அதிகாரியும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. கேட்காத இடத்தில் நாமாக நீட்டினால், நேர்மையாகக் குறிப்பெழுதிய அதிகாரியையும் அவமதிக்கிறோம், நம்மையும் மாட்டிக்கொள்கிறோம். யாராவது கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள்.

இனி பதில் கடிதம். அவர்கள் எழுதிய வரிசையிலேயே எழுதுங்கள். ‘எங்கள் கிளினிக்கில் எந்தக் குறையும் இல்லை’ என்று தொடங்காதீர்கள். இருந்த குறையை ஒப்புக்கொண்டு, எந்தத் தேதியில் எப்படிச் சரிசெய்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று சொல்லுங்கள். முடியாததற்கு எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று சொல்லுங்கள். ‘இரண்டு கட்டிலிலும் இரவுத் தங்கல் இல்லை’ என்பதைத் தெளிவாக எழுதுங்கள். படுக்கை உள்ள இடமா இல்லையா என்பதைப் பொறுத்துப் பல விதிகள் மாறும். மருந்து பற்றிய பத்தியை மட்டும் அனுப்புவதற்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அது பின்னால் வழக்கில் சான்றாக வரக்கூடும்.

மூடிவிடுவார்களா என்று கேட்டீர்கள். விளக்கம் கேட்காமல், உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் பதிவை மறுப்பதோ மூடுவதோ இயற்கை நீதிக்கு எதிரானது. அப்படி உத்தரவு வந்தால் கையில் கிடைத்த தேதியை அதன்மேலேயே குறித்து, மேல்முறையீட்டுக் கெடுவைப் பார்த்து அன்றே வழக்கறிஞரிடம் கொடுங்கள். தேவைப்பட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டுமே அதன் எல்லைக்குள்தான். ஆனால் திருத்திக்கொண்டு வருபவரை, ஊருக்குத் தேவைப்படும் மருத்துவரை, எடுத்த எடுப்பில் மூடச் சொல்லும் நிலை உங்கள் கடிதத்தைப் படித்தவரை எனக்குத் தெரியவில்லை.

அண்ணனை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் நோட்டை எழுதித் தருகிறேன் என்றது உங்கள் மேல் உள்ள பாசத்தால். சனிக்கிழமை மதியம் கிளினிக் முடிந்ததும் அவரையும், நர்ஸையும், கூட்டுகிற அம்மாவையும் உட்காரவைத்து, அந்த வாரம் எது தப்பாகப் போனது, எது தப்பாகப் போயிருக்கும் என்று அரை மணி நேரம் பேசுங்கள். யாரையும் திட்டாமல், அதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

15 நாளில் ஒரு வாரம் போய்விட்டது. வருகிற புதன்கிழமைக்குள் பதிலை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பில் நகல் வரத் தாமதமானால் அதற்கு மட்டும் கூடுதல் அவகாசம் கேட்டு, கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.